முட்டைப் பெட்டியில் மனக்கணக்கு



"எட்டும் அஞ்சும் எவ்வளவு?"

இரவுச் சாப்பாடு முடிந்த கையோடு நம் வீடுகள் பலவற்றில் கேட்கப்படும் கேள்வி இது. மூன்றாம் ஆண்டு படிக்கும் பிள்ளை கூரையைப் பார்க்கிறது. மேசைக்கு அடியில் அதன் விரல்கள் மெல்ல அசைகின்றன. "விரலை எடு! மனசுல போடு!" என்று அப்பா குரலை உயர்த்துகிறார். "பன்னெண்டு" என்கிறது பிள்ளை. "நேத்துத்தானே சொல்லிக் கொடுத்தேன்!" அதற்குப் பிறகு வரும் சொற்கள் எல்லாருக்கும் தெரிந்தவை. சோம்பேறி, கவனம் இல்லை, மக்கு.

இத்தனைக்கும் அதே பிள்ளை ஒரு புதுப் படப் பாட்டை நாலு தடவை கேட்டால் முழுவதையும் பாடும். பக்கத்து வீட்டுக் கார் எப்போது எந்தப் பக்கம் போனது என்பதை ஒன்று விடாமல் சொல்லும். ஆகவே வீட்டார் ஒரு முடிவுக்கு வருகிறார்கள். மூளை இருக்கிறது, முயற்சி இல்லை என்பதே அந்த முடிவு. கற்றலில் சிரமப்படும் பிள்ளைகளில் பலர் இந்தத் தவறான தீர்ப்பைச் சுமந்துகொண்டுதான் பள்ளிக்குப் போய் வருகிறார்கள்.

முதலில் அந்தப் 'பன்னெண்டு' எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். கோபப்படாமல், "எப்படிய்யா கண்டுபிடிச்ச?" என்று கேட்டால் பிள்ளை சொல்லும்: "எட்டு, ஒம்பது, பத்து, பதினொண்ணு, பன்னெண்டு. அஞ்சு எண்ணிட்டேன்." அதாவது, எட்டுக்கு அடுத்ததிலிருந்து எண்ணாமல் எட்டையும் சேர்த்து எண்ணிவிட்டது. ஐந்து முறை எண்ணியது உண்மைதான். தொடங்கிய இடம்தான் தவறு. இது சோம்பேறித்தனத்தில் வந்த பிழை அல்ல. ஒழுங்காக உழைத்து, ஒரே ஓர் அடி தவறியதால் வந்த பிழை. அதேபோல் 52-இலிருந்து 17-ஐக் கழித்து 45 என்று எழுதும் பிள்ளையும் வாய்க்கு வந்ததைச் சொல்வதில்லை. ஏழிலிருந்து இரண்டைக் கழித்து ஐந்து, ஐந்திலிருந்து ஒன்றைக் கழித்து நான்கு என்று, இரண்டு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறது. தப்பான விடைக்குள்ளும் ஒரு கணக்கு இருக்கிறது. அதைக் கேட்டு அறியாமல் "தப்பு" என்று மட்டும் சொன்னால், மறுநாளும் அதே பன்னிரண்டுதான் வரும்.

இந்தச் சிரமத்துக்கு மருத்துவ உலகமும் கல்வி உலகமும் பெயர் வைத்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. இன்று ஸ்லோவாக்கியாவின் தலைநகராக இருக்கும் பிராட்டிஸ்லாவா நகரில் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்த உளவியலாளர் லாடிஸ்லாவ் கோஷ்ச், 1974-இல் தம் ஆய்வை வெளியிட்டார். பொது அறிவில் குறை ஏதுமில்லாமல், எண்களில் மட்டும் தனியாகத் தடுமாறும் பிள்ளைகள் ஏறக்குறைய 6 விழுக்காட்டினர் இருப்பதாக அவர் கண்டார். பிறகு வந்த ஆய்வுகள் பலவும் 3 முதல் 7 விழுக்காட்டுக்குள் சொல்கின்றன. அப்படியானால் 30 பேர் உள்ள வகுப்பில் ஒருவர் அல்லது இருவர். இதற்கு 'டிஸ்கால்குலியா' என்று பெயர். எழுத்தில் தடுமாறும் டிஸ்லெக்சியாவைப் பற்றிக் கேள்விப்பட்ட அளவுக்கு இதைப் பற்றி நம்மவர்கள் கேள்விப்பட்டதில்லை.

எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. சில பிள்ளைகளுக்கு அளவு என்பதே பிடிபடாது. மேசையில் நான்கு புளியங்கொட்டைகளை வைத்தால் நமக்குப் பார்த்தவுடனே நான்கு என்று தெரிகிறது. அவர்களோ ஒன்று, இரண்டு என்று எண்ணித்தான் சொல்வார்கள். டிஸ்லெக்சியா உள்ள சில பிள்ளைகளுக்கு அளவு நன்றாகத் தெரியும், வாய்ப்பாட்டை ஒப்பிக்க வராது. கவனம் நிலைக்காத பிள்ளைகள் பாதிக் கணக்கிலேயே எங்கோ போய்விடுவார்கள். எதையுமே மெதுவாகக் கற்கும் பிள்ளைகளும் உண்டு. வெளியில் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல் தெரியும்: கணக்கு வரவில்லை.

மனக்கணக்குப் போடும்போது மனத்துக்குள் நடப்பது என்ன? எட்டையும் ஐந்தையும் நினைவில் பிடித்துக்கொள்ள வேண்டும். ஐந்தை இரண்டும் மூன்றுமாகப் பிரிக்க வேண்டும். பிரித்ததில் ஒன்றை எட்டோடு சேர்க்க வேண்டும். மற்றொன்றை மறக்காமல் வைத்திருக்க வேண்டும். இவை எல்லாம் நடக்கும் இடத்துக்குச் 'செயல் நினைவு' என்று பெயர். ஆங்கிலேய உளவியலாளர்கள் ஆலன் பேட்லியும் கிரகாம் ஹிட்ச்சும் அதை விளக்கிக் கட்டுரை வெளியிட்டதும் அதே 1974-இல்தான். அதை ஒரு சின்ன மேசையாக நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாருக்குமே அது சின்னது. கற்றல் சிரமமுள்ள பல பிள்ளைகளுக்கு இன்னும் சின்னது. நான்கு பொருள் வைத்தால் ஒன்று கீழே விழும். அந்த நேரத்தில் "சீக்கிரம் சொல்லு!" என்று ஓர் அதட்டல் போட்டால், அந்த அதட்டலும் அதே மேசையில்தான் வந்து உட்காருகிறது. பயம் இடத்தை அடைத்துக்கொள்கிறது. கணித அச்சம் செயல் நினைவைச் சாப்பிட்டுவிடுகிறது என்பதை அமெரிக்க உளவியலாளர் மார்க் ஆஷ்கிராஃப்ட் 2001-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டியிருக்கிறார். நேற்றுச் சரியாகச் சொன்ன பிள்ளை இன்று அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் மறந்துவிடுவதன் காரணம் இதுதான்.

2007-இல் வெளிவந்த 'தாரே ஜமீன் பர்' என்ற இந்திப் படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தேர்வுக் காட்சி நினைவிருக்கும். மூன்றை ஒன்பதால் பெருக்கச் சொன்னால், மூன்றாவது கோளான பூமி பறந்து போய் ஒன்பதாவது கோளான புளூட்டோவை இடிப்பதாக அந்தச் சிறுவன் கற்பனை செய்கிறான். புளூட்டோ நொறுங்கிப் போகிறது. மிஞ்சுவது பூமி. ஆகவே விடை மூன்று! திரையரங்கில் எல்லாரும் சிரித்தார்கள், சிலர் அழுதார்கள். அந்தக் காட்சியில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. '3' என்ற குறி அந்தப் பிள்ளைக்கு ஓர் அளவாகத் தெரியவில்லை, ஒரு பெயராகத் தெரிகிறது. மூன்று என்றால் மூன்று பொருள் என்ற பிணைப்பு மனத்தில் உட்காராத வரைக்கும், எத்தனை பயிற்சிப் புத்தகம் வாங்கிக் கொடுத்தும் பயனில்லை.

அந்தப் பிணைப்பை எப்படிக் கொண்டுவருவது? கையில் தொடங்க வேண்டும். கையிலிருந்து கண்ணுக்குப் போக வேண்டும். கண்ணிலிருந்துதான் மனத்துக்குப் போக முடியும். நம்மில் பலர் முதல் இரண்டையும் தாண்டி, மூன்றாவது படியில் பிள்ளையைத் தூக்கி நிறுத்திவிட்டு விழுகிறதே என்று வருந்துகிறோம்.

இதற்கு விலை உயர்ந்த சாதனம் எதுவும் வேண்டாம். பேரங்காடியில் பத்து முட்டை வைத்து விற்கும் பெட்டி ஒன்று போதும். இரண்டு வரிசை, வரிசைக்கு ஐந்து குழி. முட்டையைச் சமையலுக்கு எடுத்துவிட்டுப் பெட்டியைப் பிள்ளைக்குக் கொடுங்கள். புளியங்கொட்டையோ, பொத்தானோ, சின்னக் கூழாங்கல்லோ ஒரு கிண்ணத்தில் இருக்கட்டும். எட்டுப் போடச் சொல்லுங்கள். மேல் வரிசை நிறைந்து, கீழே மூன்று இருக்கும். இரண்டு குழி காலி. அந்தக் காலிக் குழிகள்தான் இங்கே ஆசிரியர்! எட்டு என்றால் பத்துக்கு இரண்டு குறைவு என்பதை அவை பேசாமல் சொல்லிக் கொடுக்கின்றன. இப்போது கையில் ஐந்து கொட்டைகளைக் கொடுங்கள். இரண்டு போட்டதும் பெட்டி நிறைந்துவிடும். கையில் மூன்று மிச்சம். பத்தும் மூன்றும் பதின்மூன்று. இதில் எண்ணவே இல்லை, பார்த்தாகிவிட்டது.

சில நாள் இப்படி ஓடட்டும். பிறகு ஒரு நாள், எட்டைப் போட்டதும் பெட்டியின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடுங்கள். "எத்தனை குழி காலிய்யா?" என்று கேளுங்கள். பிள்ளை கண்ணை மூடும், அல்லது மேலே பார்க்கும். "ரெண்டு" என்று சொன்னால் துண்டை விலக்கிச் சரிபார்க்கட்டும். பிள்ளைக்குத் தானே சரிபார்க்கக் கிடைக்கும் வாய்ப்பு, அம்மா "சரி" என்று சொல்வதைவிட மேலானது. அடுத்த கட்டத்தில் பெட்டியே மேசையில் இல்லை. அலமாரிமேல் இருக்கிறது. "பெட்டியை நினைச்சுக்கோ. ஏழு போட்டிருக்கு. எத்தனை காலி?" இந்த இடத்தில்தான் மனக்கணக்கு பிறக்கிறது. விரலை அடக்கியதால் அது பிறப்பதில்லை. மனத்துக்குள் ஒரு பெட்டி வந்து உட்கார்ந்ததால் பிறக்கிறது. மனத்தில் பெட்டி உருவானதும் விரல்கள் தாமாகவே ஓய்ந்துவிடும். அதுவரை விரலைத் தடை செய்யாதீர்கள். நொண்டுகிற காலுக்குக் கொடுத்த கோலை முதல் நாளே பிடுங்குபவர் யாராவது உண்டா?

ஒரு படியில் எத்தனை நாள் நிற்பது என்று சிலர் கேட்பார்கள். நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. துண்டு போட்டு மூடியபின் பிள்ளை தடுமாறினால் மீண்டும் திறந்த பெட்டிக்குத் திரும்புங்கள். அதைப் பின்வாங்கலாக நினைக்க வேண்டாம். நாளுக்கு ஐந்து நிமிடம், மிஞ்சினால் பத்து நிமிடம். ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் உட்கார வைப்பதைவிட, தினமும் பல் துலக்குவதைப்போல் ஐந்து நிமிடம் ஒதுக்குவதே இந்தப் பிள்ளைகளுக்குப் பொருந்தும். பிள்ளை களைப்பதற்கு முன்னே நிறுத்திவிட வேண்டும். கடைசிக் கணக்கு அதற்குத் தெரிந்த கணக்காக இருக்கட்டும்.

கூட்டல் என்றதும் பெருங்கடல் என்று மலைத்துப் போகத் தேவையில்லை. ஒற்றை இலக்க எண்களைக் கூட்டும் கணக்குகள் பூஜ்யத்தோடு சேர்த்து மொத்தம் 100. அவற்றில் பூஜ்யமும் ஒன்றும் வருபவை 36. அவற்றுக்குப் பயிற்சி அதிகம் வேண்டாம். மிச்சம் 64. மூன்றும் ஐந்தும், ஐந்தும் மூன்றும் ஒன்றுதான் என்று பிள்ளை கண்டுகொண்டால் 64 என்பது 36 ஆகிவிடுகிறது. அதில் இரட்டைகள் எட்டு: இரண்டும் இரண்டும், மூன்றும் மூன்றும் என்று ஒன்பதும் ஒன்பதும் வரை. பிள்ளைகளுக்கு இரட்டைகள் எளிதில் வரும். இப்போது மிச்சம் 28. இரண்டும் எட்டும், மூன்றும் ஏழும், நான்கும் ஆறும் பெட்டியை நிறைக்கும் சோடிகள். போனால் 25. ஒன்பதைக் கூட்டுவதென்றால் பத்தைக் கூட்டி ஒன்றை எடுப்பதுதான். அதில் ஏழு போய் 18. இரண்டைக் கூட்டுவது இரண்டு அடி நகர்வது. அதில் ஐந்து போய் 13. ஆறும் ஏழும் என்றால் இரண்டு ஆறும் ஒன்றும். இப்படி இரட்டைக்குப் பக்கத்தில் இருப்பவை ஐந்து. கடைசியில் மிஞ்சுவது எட்டே எட்டுக் கணக்குகள்! எட்டும் ஐந்தும் அந்த எட்டில் ஒன்று. சாப்பாட்டு மேசையில் அப்பா முதலில் கேட்டதே கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி.

அடுத்ததாக, அதிகம் பேசப்படாத ஒரு விஷயம். நம் பிள்ளை எந்த மொழியில் கணக்குப் போடுகிறது?

மலேசியத் தமிழ்ப் பிள்ளைக்கு எண்கள் மூன்று மொழியில் வருகின்றன. வீட்டில் தமிழ். கடையிலும் பக்கத்து வீட்டிலும் மலாய். தொலைக்காட்சியிலும் கைத்தொலைபேசியிலும் ஆங்கிலம். பள்ளியிலோ கொள்கை மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 2003-இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறின. அந்தக் கொள்கையைக் கைவிடுவதாக 2009-இல் அறிவித்தார்கள். படிப்படியாகத் தமிழ்ப்பள்ளிகளில் கணிதம் தமிழுக்குத் திரும்பியது. 2016-இல் இருமொழித் திட்டம் வந்தபின், அதில் சேர்ந்த பள்ளிகளில் மீண்டும் ஆங்கிலம். எந்த மொழி நல்லது என்ற வாதத்துக்கு இந்த உரையில் வேலை இல்லை. செயல் நினைவு என்ற அந்தச் சின்ன மேசையில், "ஏழு" என்று கேட்டு, "செவன்" என்று மாற்றி, "துஜோ" என்று விடை சொல்ல வேண்டிய சுமையையும் ஏற்றினால் என்ன ஆகும் என்பதே கேள்வி. சாதாரணப் பிள்ளை சமாளித்துவிடும். சிரமப்படும் பிள்ளை அங்கேயே தடுக்கி விழும். ஆகவே பிள்ளை முதன்முதலில் எந்த மொழியில் எண்ணக் கற்றதோ, அந்த ஒரு மொழியிலேயே மனக்கணக்குப் பயிற்சி நடக்கட்டும். டியூஷன் அக்கா ஒரு மொழி, தாத்தா ஒரு மொழி என்று வேண்டாம். விடையை வேறு மொழியில் சொல்லப் பின்னால் பழகிக்கொள்ளலாம்.

இதில் தமிழுக்கு ஒரு நன்மையும் உண்டு, ஒரு சிக்கலும் உண்டு. பதினான்கு என்று சொல்லும்போது பத்து முன்னே வருகிறது, நான்கு பின்னே வருகிறது. எழுதும்போதும் 1 முன்னே, 4 பின்னே. காதும் கையும் ஒரே வழியில் போகின்றன. ஆங்கிலத்தில் 'ஃபோர்ட்டீன்' என்றால் நான்கு முன்னே வந்துவிடுகிறது. மலாயிலும் 'அம்பாட் பெலாஸ்', நான்குதான் முன்னே. 14-ஐ 41 என்று எழுதும் பிள்ளையிடம், எந்த மொழியில் மனத்துக்குள் சொல்லிக்கொண்டு எழுதியது என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் புதிர் அங்கேயே அவிழ்ந்துவிடலாம்.

சிக்கல் ஒன்பதில் இருக்கிறது. தமிழில் ஒன்பது என்ற ஒற்றை இலக்கத்திலேயே 'பது' வந்துவிடுகிறது. இருபது, முப்பது என்று பத்துகளுக்கு வர வேண்டிய வால் அது. பிறகு தொண்ணூறு. அதில் 'நூறு' காதில் விழுகிறது, ஆனால் அது நூறு அல்ல. தொள்ளாயிரத்தில் 'ஆயிரம்' காதில் விழுகிறது, ஆனால் அது ஆயிரம் அல்ல. நமக்குப் பழகிவிட்டதால் இது தெரிவதில்லை. காதால் கேட்டு எழுதும் பிள்ளைக்கு இது பெரிய பள்ளம். எண்பத்தொன்பதுக்கு அடுத்து என்ன என்று கேட்டால் பிள்ளை திகைத்து நிற்பது இதனால்தான். இதற்கு மாற்று எளிது. கொஞ்ச நாளைக்கு "ஒன்பது பத்து, தொண்ணூறு", "ஒன்பது நூறு, தொள்ளாயிரம்" என்று இரண்டையும் சேர்த்தே சொல்லிப் பழக்க வேண்டும். 'செம்பிலான் புலு' என்று மலாய் நேராகச் சொல்வதை இந்த ஓர் இடத்தில் துணைக்கு அழைத்துக்கொண்டாலும் குற்றமில்லை.

பெருக்கலுக்கு வருவோம். வாய்ப்பாட்டை உரக்கச் சொல்லி மனனம் செய்வது நம் திண்ணைப் பள்ளிக் காலத்துப் பழக்கம். எண்சுவடி படித்த தலைமுறை முக்காலே மூணு வீசத்தை மனத்தாலேயே பெருக்கியது. அந்த முறையை இன்று கேலி செய்வது ஒரு நாகரிகமாகிவிட்டது. அது நியாயமில்லை. அந்தப் பள்ளியில் வாய் மட்டும் வேலை செய்யவில்லை. விரல் மணலில் எழுதியது, கண் பார்த்தது, காது கேட்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் இருந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு வியந்து, தம் பள்ளியிலும் புகுத்தி, 1797-இல் லண்டனில் அதைப் பற்றி நூலே வெளியிட்டார். இன்று சிறப்புக் கல்வி வல்லுநர்கள் 'பல புலன் முறை' என்று சொல்வது நம் பாட்டன் காலத்து மணல்தான். நாம் மணலை விட்டுவிட்டு ஒப்பித்தலை மட்டும் வைத்துக்கொண்டோம்.

ஒப்பிக்க வராத பிள்ளைக்கு வேறு வழி வேண்டும். சுங்கை பூலோவில் இருப்பவர்களுக்கு அது வாசலிலேயே இருக்கிறது. 1930-இல் தொடங்கிய தொழுநோயாளர் குடியிருப்பைச் சுற்றி வளர்ந்த செடித் தோட்டங்கள் இன்று ஊருக்கே அடையாளம். வார இறுதியில் கோலாலம்பூரிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் கார்கள் வந்து நிற்கும் இடம். அங்கே செடிப் பைகள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று கவனித்தீர்களா? வரிசை வரிசையாக. வரிசைக்கு ஆறு, ஏழு வரிசை. அதுதான் ஏழாறு! பிள்ளையை ஐந்தாவது வரிசையில் நிற்கச் சொல்லுங்கள். ஐந்து ஆறு முப்பது. அதற்கு அப்பால் இன்னும் இரண்டு வரிசை, பன்னிரண்டு. மொத்தம் நாற்பத்திரண்டு. தெரியாத பெருக்கலை, தெரிந்த இரண்டாக உடைக்கும் வித்தையைப் பிள்ளை நடந்தே கற்றுக்கொள்கிறது. வீட்டுக்கு வந்ததும் கட்டம் போட்ட தாளில் அதே வரிசைகளைப் புள்ளியாக வைக்கட்டும். பிறகு தாளை மறைத்துவிட்டுக் கேளுங்கள். இரண்டு, ஐந்து, பத்து இந்த மூன்று வாய்ப்பாடும் வந்துவிட்டால் மற்றவற்றை உடைத்துச் சேர்த்துக்கொள்ளலாம். அதுவரை சுவரில் ஒரு வாய்ப்பாட்டு அட்டை தொங்கட்டும். பார்த்துச் சொல்வது திருட்டு அல்ல.

பணக் கணக்குக்கு அந்த ஊரின் இன்னொரு பழைய பெருமை கைகொடுக்கும். ரப்பர் ஆய்வுக் கழகத்தின் சோதனைத் தோட்டம் சுங்கை பூலோவில்தான் பரந்து கிடந்தது. இன்று அந்த நிலத்தில் புதிய நகரம் எழும்பிவிட்டது. 2016-இல் எம்ஆர்டி ரயிலும் வந்துவிட்டது. அங்கும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் பால்மரம் வெட்டிய தலைமுறையில் பலருக்குப் பள்ளிக்கூட வாசல் தெரியாது. ஆனால் சம்பள நாளில் கங்காணியாலோ கடைக்காரராலோ அவர்களை ஏமாற்றுவது அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை. மீதிப் பணத்தை அவர்கள் கழித்துப் பார்க்கவில்லை, கூட்டிக்கொண்டே போனார்கள். மூன்று செடி, ஒன்று 4 வெள்ளி 50 காசு. நான்கு வெள்ளி மூன்று, பன்னிரண்டு. ஐம்பது காசு மூன்று, ஒன்றரை. ஆக 13 வெள்ளி 50 காசு. இருபது வெள்ளி கொடுத்தால்? ஐம்பது காசு போட்டால் பதினான்கு, ஆறு வெள்ளி போட்டால் இருபது. மீதி 6 வெள்ளி 50 காசு. கடன் வாங்கிக் கழிக்கும் வேலையே இல்லை. கழித்தலில் தடுமாறும் பிள்ளைக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. வீட்டில் தாத்தாவோ பாட்டியோ இருந்தால் இந்தப் பாடத்தை அவர்களிடமே விட்டுவிடுங்கள். அவர்களுக்குப் பொறுமையும் அதிகம், பரீட்சைக் கவலையும் இல்லை.

பள்ளிச் சிற்றுண்டிச் சாலைக்கும் இதே வழிதான். மீகூன் 1 வெள்ளி 50 காசு, தண்ணீர் 80 காசு என்றால் 2 வெள்ளி 30 காசு. இதை முதல் நாள் இரவே வீட்டில் உண்மையான காசை வைத்து விளையாடிப் பார்க்கலாம். நம் நாட்டில் 5, 10, 20, 50 காசு நாணயங்கள் புழங்குவதால் எல்லாம் ஐந்து ஐந்தாகவே போகும். 2008 ஏப்ரல் முதல் மொத்தத் தொகையை ஐந்து காசுக்கு முழுமைப்படுத்துகிறார்கள். பேரங்காடி ரசீதில் 8 வெள்ளி 97 காசு ஏன் 8 வெள்ளி 95 காசானது, 98 ஏன் 9 வெள்ளியானது என்று பெரிய பிள்ளைகளோடு பேசிப் பார்க்கலாம். ஒன்று மட்டும் வேண்டாம். கடை வரிசையில் நாலு பேர் பின்னால் நிற்கும்போது, "மீதி எவ்வளவு, சொல்லு பார்ப்போம்!" என்று கேட்காதீர்கள். அந்த ஒரு நிமிட அவமானம் ஒரு மாதப் பயிற்சியை அழித்துவிடும். இந்தப் பிள்ளைகளில் பலர் பசியோடு இருந்தாலும் சிற்றுண்டிச் சாலை வரிசையில் போய் நிற்கத் தயங்குகிறார்கள். காசு இல்லாததால் அல்ல, காசை எண்ணத் தெரியாததால்.

அபாகஸ் வகுப்புக்கு அனுப்பலாமா என்பது அடிக்கடி எழும் கேள்வி. 1993-இல் மலேசியாவில் தொடங்கிய யூசிமாஸ் போன்ற மனக்கணக்கு வகுப்புகள் பல நாடுகளுக்குப் பரவியிருக்கின்றன. மணியைக் கையால் நகர்த்தி, பிறகு மனத்தில் நகர்த்துவது என்ற அடிப்படை நல்ல அடிப்படைதான். ஆனால் அங்கே கடிகாரம் ஓடுகிறது, போட்டி நடக்கிறது. எண்ணின் அளவே இன்னும் பிடிபடாத பிள்ளையை அங்கே சேர்த்தால் பக்கத்துப் பிள்ளையின் வேகம் அதை நசுக்கிவிடும். பெட்டிப் பயிற்சி மனத்தில் உட்கார்ந்தபின் யோசிக்கலாம். கால்குலேட்டரைப் பற்றிய பயமும் தேவையற்றது. "முதலில் ஏறக்குறைய எவ்வளவு வரும் சொல்லு, பிறகு தட்டிப் பாரு" என்று பழக்கினால் அதுவும் ஓர் ஆசிரியர்.

வீட்டுப் பயிற்சி மட்டும் போதாத பிள்ளைகளும் உண்டு. சில மாதம் பொறுமையாக முயன்றும் நகராவிட்டால் முதலில் வகுப்பாசிரியரிடமும் பள்ளி ஆலோசக ஆசிரியரிடமும் பேசுங்கள். கண், காது இரண்டையும் சோதித்துவிடுங்கள். அரசு சுகாதார கிளினிக்கில் காட்டினால் மேல் பரிசோதனைக்கு மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். சுங்கை பூலோ வட்டாரத்தில் 2006-இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவமனை இருக்கிறது. கோலாலம்பூரில் மலேசிய டிஸ்லெக்சியா சங்கம் இருக்கிறது. 2008-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் சட்டத்தின்கீழ் சமூக நலத்துறையில் பதிந்துகொண்டால் கிடைக்கும் ஓகேயூ அட்டையில், கற்றல் சிரமம் தனிப் பிரிவாகவே இருக்கிறது. அந்தப் பதிவு கட்டாயமில்லை. சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளைகளைப் பள்ளிகள் திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கையும் 2019-இல் வந்துவிட்டது.

ஆனால் நம்மவர்கள் அந்த அட்டையைக் கண்டு அஞ்சுகிறார்கள். "நாளைக்குப் பொண்ணுக்கு மாப்பிள்ளை எப்படிக் கிடைக்கும்?", "சொந்தக்காரங்க என்ன பேசுவாங்க?" ஏழு வயதில் தெரிய வேண்டியது பதினான்கு வயதில் தெரியவருவதற்கு இந்தத் தயக்கமே பெரும்பாலும் காரணம். அந்த ஏழு ஆண்டும் பிள்ளை தன்னை 'மக்கு' என்றே நம்பி வளர்ந்திருக்கும். யூபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் நீக்கப்பட்டதால் பள்ளியில் அழுத்தம் குறைந்திருக்கலாம். அதே காரணத்தால், பிள்ளையின் தடுமாற்றம் ஒரு மதிப்பெண்ணாக வெளியே வராமல் ஆறாம் ஆண்டு வரை மறைந்தே போய்விடவும் கூடும்.

அதனால் ஒரு சிறு குறிப்புப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். இன்று என்ன கேட்டோம், பிள்ளை என்ன சொன்னது, எப்படிக் கண்டுபிடித்ததாகச் சொன்னது, பெட்டி திறந்திருந்ததா மூடியிருந்ததா, எந்த மொழியில் சொன்னது. நாளுக்கு இரண்டு வரி போதும். மதிப்பெண் போட வேண்டாம். இரண்டு மாதம் கழித்து அதைப் புரட்டிப் பார்த்தால், எட்டும் ஐந்தும் பன்னிரண்டு என்று சொன்ன பிள்ளை எந்த நாளில் எட்டிலிருந்து எண்ணுவதை விட்டுவிட்டு ஒன்பதிலிருந்து எண்ணத் தொடங்கியது என்பது தெரியும். மருத்துவரைப் பார்க்கப் போகும்போதும், ஆசிரியரைச் சந்திக்கப் போகும்போதும் அந்தப் புத்தகத்தைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். "என் பிள்ளைக்குக் கணக்கு வராது" என்று பொதுவாகச் சொல்வதைவிட, "பெட்டியை மூடினால் ஏழு வரைக்கும் சொல்கிறான், எட்டிலும் ஒன்பதிலும் தடுமாறுகிறான்" என்று சொன்னால், அவர்கள் அந்த எட்டிலிருந்தே வேலையைத் தொடங்கலாம்.